வெண்காரச் சுரங்கத்தில் தாவர டீசல்

கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் போரான் என்று ஓர் ஊர். நம் பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரம் அந்த ஊர் மண்ணுக்கடியில் பாளம் பாளமாகக் கிடக்கிறது. உலகில் சுத்திகரித்து விற்கப்படும் போரேட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் அங்குள்ள ஒரே பள்ளத்திலிருந்து வருகிறது. ரியோ டின்டோ நிறுவனத்தின் அந்தத் திறந்தவெளிச் சுரங்கம் 2023 மே மாதம் ஓர் அறிவிப்பு செய்தது. பாறை சுமக்கும் ராட்சத லாரிகள், மண் தள்ளும் டோசர்கள் உள்ளிட்ட கனரக இயந்திரங்கள் எல்லாமே கச்சா எண்ணெயிலிருந்து வரும் டீசலைக் கைவிட்டுவிட்டன. தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து தயாராகும் டீசலில் ஓடுகின்றன. இயந்திரங்கள் முழுவதையும் இப்படி மாற்றிய உலகின் முதல் திறந்தவெளிச் சுரங்கம் தங்களுடையதே என்றது நிறுவனம். ஆண்டுக்கு 45,000 டன் வரை கார்பன் டை ஆக்சைடு குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தப் பாலைவனத்துக்கு இது முதல் முறை இல்லை என்றும் வேடிக்கையாகச் சொல்லலாம். 1883 முதல் 1889 வரை மரணப் பள்ளத்தாக்கிலிருந்து மொஹாவே ரயில் நிலையத்துக்கு வெண்காரம் வந்தது கோவேறு கழுதை வண்டிகளில். பதினெட்டுக் கோவேறு கழுதைகள், இரண்டு குதிரைகள், 265 கிலோமீட்டர், ஒரு வழிக்குப் பத்து நாள். அப்போதும் எரிபொருள் தாவரம்தான்: புல்லும் தானியமும்.

போரானில் நடந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியது, மாறாமல் இருந்த பொருள். எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை. இன்ஜெக்டர், பம்ப், டேங்க், குழாய் எல்லாம் பழையவையே. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு லாரியை மட்டும் புது எரிபொருளில் ஓட்டிப் பார்த்தார்கள். வேகத்திலும் நம்பகத்திலும் மற்ற லாரிகளுக்குச் சமமாகவே ஓடியது. பிறகு சேமிப்புத் தொட்டியில் ஊற்றும் சரக்கை மாற்றினார்கள், அவ்வளவுதான். கனரக இயந்திரம் வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது இயந்திரத்தின் அளவைப் பார்த்தால் புரியும். சுரங்க லாரிகளில் பெரியவற்றுள் ஒன்றான கேட்டர்பில்லர் 797எஃப் ஒரு நடைக்கு 363 டன் பாறையைச் சுமக்கும். 20 சிலிண்டர், 106 லிட்டர் கொள்ளளவு, 4,000 குதிரைத்திறன். இப்படிப்பட்ட எஞ்சினை ஒரு நாள் நிறுத்தினாலே நஷ்டம். எரிபொருளுக்காக அதைப் பிரித்து மாற்றியமைக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுவது நூற்றாண்டுப் பழைய செய்தி. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. ருடால்ஃப் டீசலே அந்த யோசனையைக் கண்டார் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அதை ஓட்டிக்காட்டியது ஓட்டோ நிறுவனம், கேட்டது பிரெஞ்சு அரசு. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்தது. எரிபொருளைக் கப்பலேற்றி அனுப்பாமல் அங்கேயே எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தார்கள். எஞ்சின் நன்றாக ஓடியதால் பார்வையாளர்களில் பெரும்பாலோர் எரிபொருள் மாறியதையே கவனிக்கவில்லை என்று டீசல் பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார்.

அன்றைய எஞ்சினுக்கு அது சரி. இன்றைய எஞ்சினில் செக்கு எண்ணெயை நேராக ஊற்றினால் சில நூறு மணி நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்கும். முதல் காரணம் பாகுத்தன்மை. 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்கள் 2,000 பார் அளவு அழுத்தத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே அகலமுள்ள துளைகள் வழியாக எரிபொருளைப் பனிப்புகைபோல் பீய்ச்சுகின்றன. கெட்டியான எண்ணெய் நுண்துளியாகச் சிதறாமல் பெரிய பெரிய சொட்டாக விழுகிறது. சொட்டு முழுதாக எரியாமல் நாசில் முனையில் கரியாகப் படியும். பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆயிலில் கலந்து அதைப் பிசினாக்கும்.

இதற்கு முதலில் வந்த விடை பயோடீசல். தாவர எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் இணைந்தது. மெத்தனாலையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்துக் கலக்கினால் கிளிசரின் தனியே பிரிந்து அடியில் தங்கும். மூன்று சங்கிலிகளும் மெத்தில் எஸ்டர்களாகப் பிரிந்துவிடும். பெரிய மூலக்கூறு மூன்று சிறிய மூலக்கூறுகளானதால் திரவம் இளகுகிறது. 1937-இலேயே பெல்ஜியத்தின் ஷவான் பாமாயிலிலிருந்து இத்தகைய எஸ்டர் தயாரிக்கக் காப்புரிமை வாங்கினார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பேருந்து அதில் ஓடியது. டிரம்மும் கலக்கியும் இருந்தால் கொட்டகையில்கூடத் தயாரிக்கலாம் என்பது பயோடீசலின் பெரிய பலம்.

ஆனால் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் அதில் தங்கிவிடுகிறது. பயோடீசலின் தொல்லைகள் பெரும்பாலும் அந்த ஆக்சிஜனைச் சுற்றித்தான். டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். ஈரமிருந்தால் தொட்டியடியில் நுண்ணுயிர் வளர்ந்து பில்டரை அடைக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் காற்றுபட்டுக் காறிப் புளிக்கும். குளிரிலும் உறையும், மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாமாயில் பயோடீசல் 15 டிகிரி அருகிலேயே மங்கத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் இந்தோனேசியா இதைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே டீசலில் பாமாயில் பயோடீசலின் கட்டாயக் கலப்பு 2020-இல் 30 சதவீதம், 2023-இல் 35, 2025-இல் 40. குளிர் இல்லாத நாடு, பாமாயில் சொந்த விளைச்சல். பில்டரை அடிக்கடி மாற்றும் செலவை ஏற்றுக்கொண்டால் சமாளிக்கலாம்.

போரானில் ஊற்றுவது இந்தப் பயோடீசல் இல்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றாக இருந்தாலும் சமையல் வேறு. அங்கே ஊற்றுவதைப் புதுப்பிக்கத்தக்க டீசல் என்கிறார்கள். ஐரோப்பியச் சந்தையில் எச்.வி.ஓ. என்ற மூன்றெழுத்துப் பெயர் புழங்குகிறது. எண்ணெயைச் சுத்தம் செய்து, 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து, நிக்கல்–மாலிப்டினம் போன்ற வினையூக்கியின் மேல் செலுத்துகிறார்கள். ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கித் தண்ணீராக்கிவிடுகிறது. ஒரு பகுதி ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து வாயுவாகவும் போகும். கிளிசரின் பகுதி புரோப்பேன் ஆகிறது. அதாவது சமையல் கேஸில் இருக்கும் அதே வாயு. மிஞ்சுவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நேரான சங்கிலிகள், 15 முதல் 18 கார்பன் நீளத்தில். நூறு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு கிலோ ஹைட்ரஜன் செலவாகும். எண்பது கிலோவுக்குச் சற்று மேல் டீசல் கிடைக்கும்.

நேரான சங்கிலிகள் குளிரில் அடுக்கடுக்காகப் படிந்து மெழுகாகிவிடும் என்பதால் இரண்டாவது உலையில் சங்கிலிகளுக்குக் கிளை முளைக்க வைக்கிறார்கள். எவ்வளவு கிளை என்பது சந்தையைப் பொறுத்தது. பின்லாந்து குளிர்காலத்துக்கு அதிகம், கலிஃபோர்னியாவுக்குக் குறைவு. பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் தெளிவாக இருக்கும் சரக்கையும் இப்படித் தயாரிக்க முடிகிறது.

இது கொட்டகையில் நடக்கிற வேலை இல்லை. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையின் வேலை. முதலில் பெரிய அளவில் செய்தது பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம், 2007-இல் போர்வோ நகரில். பிறகு 2010-இல் சிங்கப்பூரிலும் 2011-இல் ராட்டர்டாமிலும் ஆலைகள். வெனிஸ் அருகே எனி நிறுவனம் தன் பழைய பெட்ரோலிய ஆலையையே 2014-இல் இதற்கு மாற்றியது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் மார்ட்டினெஸ், ரோடியோ ஆகிய இரண்டு ஆலைகள் கச்சா எண்ணெயை நிறுத்திவிட்டுச் சோயா எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் வந்துவிட்டன. ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பதை விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எஞ்சினுக்குள் இந்தத் திரவம் எப்படி நடந்துகொள்கிறது? டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்ற வேண்டும். பீய்ச்சியதற்கும் பற்றியதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் உண்டு. தாமதம் நீண்டால் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரே நேரத்தில் வெடித்துக் கடகடவென்று சத்தமிடும். குளிர்ந்த எஞ்சின் வெள்ளைப் புகை கக்கும். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதற்கான அளவு சீட்டேன் எண். பதினாறு கார்பன் நேர்சங்கிலியான ஹெக்ஸாடெக்கேனுக்கு நூறு என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவின் பி.எஸ். 6 டீசலிலும் குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும், அமெரிக்காவில் 40 போதும். புதுப்பிக்கத்தக்க டீசலுக்கு 70-க்கு மேல். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாமாயிலில் நிறைய இருக்கும் பால்மிட்டிக் அமிலத்தில் பதினாறு கார்பன். அதன் ஆக்சிஜனை எடுத்துவிட்டால் கிடைப்பது அந்த ஹெக்ஸாடெக்கேனேதான். கிளை முளைக்க வைப்பதால் மட்டும் எண் சற்று இறங்குகிறது.

இரண்டாவது குணம், அரோமேட்டிக் எனப்படும் வளைய மூலக்கூறுகள் அதில் அநேகமாக இல்லை. சாதாரண டீசலில் கரிப்புகைக்கு விதை போடுபவை அவைதான். சல்ஃபரும் இல்லை. புகை வடிகட்டி பொருத்தாத பழைய எஞ்சினில் இந்த எரிபொருளை ஊற்றினால் கரித்துகள் மூன்றில் ஒரு பங்கு அளவும் நைட்ரஜன் ஆக்சைடு பத்தில் ஒரு பங்கு அளவும் குறைவதாகச் சோதனைகள் காட்டின. புகை நாற்றமும் குறைவு. சுரங்கப்பாதைக்குள்ளும் கட்டடங்களுக்கு நடுவிலும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு அதுவே பெரிய வித்தியாசம். ஆனால் வடிகட்டியும் யூரியாக் கரைசல் பீய்ச்சும் அமைப்பும் உள்ள புது எஞ்சினில்? கலிஃபோர்னியா காற்று வள வாரியத்துக்காக ரிவர்சைட் பல்கலைக்கழகம் சோதித்தபோது அங்கே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தென்படவில்லை. புகைக்குழாயிலுள்ள அமைப்பே அழுக்கைப் பிடித்துவிடுகிறது. ஆக, காற்று சுத்தமாகும் என்று சொல்லி விற்பவரிடம் எந்த வயது இயந்திரத்துக்கு என்று கேட்க வேண்டும்.

கெட்ட செய்திகளும் உண்டு, பெரியவை இல்லை. அடர்த்தி குறைவு: லிட்டருக்கு 780 கிராம் அளவு, சாதாரண டீசல் 830-ஐ ஒட்டி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் வெப்பம் கூடுதல், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் நான்கு சதவீதம் அளவு குறைவு. பம்ப் லிட்டரில்தான் அளந்து தருகிறது. ஆகவே மேட்டில் முழுச் சுமையோடு ஏறும் லாரியில் அந்த நான்கு சதவீதத்தை ஓட்டுநர் உணரலாம். உராய்வைத் தடுக்கும் வழவழப்பும் குறைவு. டீசலாலேயே மசகிடப்படும் பம்புகளுக்கு இது ஆபத்து. ஆலையிலேயே மசகுச் சேர்மம் கலந்து அனுப்புகிறார்கள்.

மெக்கானிக்குகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம் ரப்பர். பழைய இயந்திரங்களின் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் பல ஆண்டுகளாக அரோமேட்டிக்கில் ஊறியிருக்கும், தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலைபோல் உப்பி, அந்த உப்பலாலேயே இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். அரோமேட்டிக் இல்லாத எரிபொருள் வந்ததும் உப்பல் வடிந்து சுருங்கும். இளம் ரப்பர் இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும், வயதான ரப்பருக்கு அந்த நெகிழ்வு போயிருக்கும். பம்ப் ஓரத்தில் கசிவு தொடங்கும். 1993-இல் கலிஃபோர்னியா அரோமேட்டிக் குறைந்த டீசலைக் கட்டாயமாக்கியபோது இந்தக் கசிவுப் புகார்கள் ஏராளமாக வந்தன. எரிபொருளில் விஷம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். மாற்ற வேண்டியது சில ரூபாய் சீல்கள்தான். பழைய பொக்லைனில் இதை ஊற்ற நினைப்பவர் முதலில் சீல்களைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

இந்தச் சின்னக் குறைகளைத் தாண்டி, எஞ்சின் தயாரிப்பாளர்கள் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ, ரோல்ஸ்-ராய்ஸின் எம்.டி.யு. எல்லோரும் இ.என். 15940 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்ட சரக்கை ஏற்றுக்கொள்கிறார்கள். வேதியியல் இங்கே தன் கடமையை முடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். இனி மிஞ்சும் சிக்கல் எஞ்சினில் இல்லை, எண்ணெயில்.

கலிஃபோர்னியா மட்டும் ஏன் முந்தியது என்றால், பணம். அந்த மாநிலத்தில் கார்பன் குறைந்த எரிபொருள் விற்பவருக்கு, கார்பன் கூடிய எரிபொருள் விற்பவர் காசு கொடுக்க வேண்டும். மத்திய அரசு கேலனுக்கு ஒரு டாலர் வரிச்சலுகை 2024 முடியும்வரை கொடுத்தது. அந்தச் சலுகை கலப்பவருக்கே உரியது என்று சட்டம் சொன்னதால், சுத்தமான தாவர டீசலில் ஒரு சதவீதம் பெட்ரோலிய டீசலை வேண்டுமென்றே ஊற்றி, ஆர்99 என்று பெயரிட்டு விற்றார்கள். சுற்றுச்சூழல் சலுகை பெறுவதற்காகப் பெட்ரோலியம் சேர்ப்பது! 2023-இல் கலிஃபோர்னியாவில் விற்ற டீசலில் பாதிக்கு மேல் தாவர, விலங்கு மூலத்திலிருந்து வந்தது. சாலைக்கு வெளியே ஓடும் கனரக இயந்திரங்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆர்99 அல்லது ஆர்100 கட்டாயம்.

ஒரு பணக்கார மாநிலத்துக்குப் போதுமான எண்ணெய் கிடைத்துவிட்டது என்பதால் உலகத்துக்கும் கிடைக்கும் என்று ஆகாது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் தாவர எண்ணெய், பாமாயில், சோயா, சூரியகாந்தி, கடலை, தேங்காய் எல்லாம் சேர்த்து, சுமார் 22 கோடி டன். உலகம் எரிக்கும் டீசல் 135 கோடி டன் அளவில் இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தாளிக்க வைக்காமல் அத்தனையையும் ஆலைக்கு அனுப்பினாலும் டீசல் தேவையில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. கூடுதலாக விளைவிக்கலாம் என்றால் நிலம் வேண்டும். இந்தோனேசியாவில் காட்டை அழித்து விளைவித்த பாமாயிலின் டீசல், பெட்ரோலிய டீசலைவிடக் கேடானது. ஐரோப்பிய ஒன்றியம் பாமாயில் எரிபொருளை 2030-க்குள் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து நீக்கப் போவதும் அதனால்தான். புகைக்குழாயில் வரும் கார்பன் டை ஆக்சைடு தாவர டீசலிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அது முந்தைய பருவத்தில் செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்பதால் கணக்கில் கழிகிறது. எந்தச் செடி, எந்த நிலம் என்பது மாறினால் கழிவும் மாறிவிடும்.

நல்ல மூலப்பொருள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது, பயன்படுத்தி முடித்த சமையல் எண்ணெய். அதற்காக யாரும் காடழிக்கவில்லை. அதனாலேயே அதற்குக் கிராக்கி ஏறி, புதுப் பாமாயிலைவிடப் பழைய எண்ணெய்க்கு விலை கூடுதலான காலமும் வந்தது. புதுசைப் பழசு என்று சீட்டு ஒட்டி விற்கும் ஆசை வராதா? ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் இந்த மோசடி நடக்கிறது என்ற சந்தேகம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பழைய எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஆய்வகத்தில் நிரூபிப்பது எளிதாகவும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. இந்தியா ஆண்டுக்கு எரிக்கும் டீசல் 9 கோடி டன். சாப்பிடும் எண்ணெயிலேயே பாதிக்கு மேல், சுமார் 1.6 கோடி டன், இறக்குமதி. சாப்பிட முடியாத எண்ணெயை விளைவிப்போம் என்று காட்டாமணக்கைத் தரிசில் நட்டதும், தமிழ்நாட்டிலும் அதற்கு ஊக்கம் கொடுத்ததும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. 2017-க்குள் டீசலில் 20 சதவீதக் கலப்பு என்று 2009 கொள்கை கனவு கண்டது. நடந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. தண்ணீர் இல்லாத நிலத்தில் செடி உயிர் பிழைத்தது, காய் பிடிக்கவில்லை. இப்போதைய இலக்கு 2030-க்குள் 5 சதவீதம். நம்மிடம் கையிருப்பது எண்ணெய்ச் சட்டியில் மிஞ்சுவது. கொதித்துக் கொதித்து உருவாகும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதி செய்தது. பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தையும் அதே ஆண்டு தொடங்கியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள் கணக்கு எழுத வேண்டும். பெரிய கடையில் கழித்த எண்ணெய் சின்னக் கடைக்கு மலிவாகப் போய் மறுபடி பஜ்ஜி பொரிப்பதைத் தடுத்தாலே, எரிபொருளை விட்டாலும், வயிற்றுக்கு நல்லது.

இவ்வளவு கொஞ்சமான சரக்கை யாருக்குக் கொடுப்பது? மின்கம்பி எட்டும் இடத்தில் அதை எரிப்பது வீண் என்பது என் கருத்து. நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் எத்தனையோ ஆண்டுகளாக மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கரியைச் சுமக்கும் கன்வேயர் பெல்ட்டும் மின்சாரம்தான். இடம் நிலையாக இருந்தால் கேபிள் போதும். நகரப் பேருந்தும் அப்படியே. ஆனால் மலைச்சாலை போடும் பொக்லைனும், நாளொரு மேட்டில் நிற்கும் டோசரும், வெள்ளத்தில் கரண்ட் போன ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரும் கேபிளுக்குக் கட்டுப்படாதவை. ஒரு கிலோ டீசலில் 12 யூனிட் வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் பாதிக்கு மேல் வீணாக்கினாலும் ஐந்து யூனிட் வேலைக்கு வரும். ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட் தேறினால் அதிகம். ஜெனரேட்டருக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தொட்டியில் கிடந்தாலும் புதுப்பிக்கத்தக்க டீசல் எளிதில் கெடாது.

ஆனால் வரிசையில் விமானமும் நிற்கிறது. அதே எண்ணெய், அதே உலை. சங்கிலியைக் கொஞ்சம் வெட்டிக் குறுக்கி, கிளையைக் கூட்டினால் விமான எரிபொருள். வெட்டும்போது ஒரு பகுதி நாஃப்தாவாகக் கழிந்துபோகும் என்பதால் மொத்தத்தில் திரவம் குறையும், செலவு கூடும். இருந்தும் ஐரோப்பிய விமான நிலையங்களில் 2025 முதல் 2 சதவீதம், 2030 முதல் 6 சதவீதம் கலப்பது கட்டாயம். இந்தியாவும் சர்வதேச விமானங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை 2025 ஆகஸ்டில் பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கச் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது. திட்டமிட்ட அளவு ஆண்டுக்கு 35,000 டன். பொக்லைனுக்கும் டிப்பருக்கும் இந்த டீசலை ஊற்றச் சொல்லும் விதி இந்தியாவில் இன்னும் எழுதப்படவில்லை.